பத்திரிகைத் தொழிலுக்கும் ஒரு கல்லூரியா?



சென்ற நோன்புப் பெருநாளன்று ஈஜோக்கில் நண்பர் ஒருவர் இல்லத்திலே நாலைந்து குடும்பத்தார் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்து தேநீர் வந்த சமயம், வீட்டுக்கார அம்மையார் என்னைப் பார்த்து ஒரு கேள்வி போட்டார். "காக்கா, எங்க பொண்ணு பேப்பர்ல எழுதுற படிப்புத்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. டாக்டருக்குப் படிப்பு இருக்கு, வக்கீலுக்குப் படிப்பு இருக்கு, சரி. ஊர்ச் சேதி எழுதறதுக்கும் ஒரு காலேஜா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல், காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்விக்குச் சிரிப்பை விடத் தகுதியான பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தபடியால்தான் சிரித்துவிட்டேன். இப்பொழுது எழுதுகிறேன்.

வாலிபப் பருவத்திலே நானும் ஒரு பத்திரிகைக்குத் தோட்டத்துச் செய்திகளை எழுதியனுப்பி வந்தேன். சம்பளம் கிடையாது, பெயர் அச்சில் வரும், அவ்வளவுதான். ஒரு முறை பணம் கையாடல் சம்பந்தமாக எங்கள் பக்கத்து மனிதர் ஒருவரைப் போலீஸார் அழைத்துப் போனார்கள். கடைத்தெருவில் கேட்டதை அப்படியே எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் அச்சாகி வந்துவிட்டது. ஆனால் அதே பெயரில் எங்கள் வட்டாரத்திலே இன்னொருவர் இருந்தார். மளிகைக் கடை வைத்திருந்த, ஒருவருக்கும் ஒரு காசு பாக்கி வைக்காத மனிதர். நான் வயதும் எழுதவில்லை, தகப்பனார் பெயரும் எழுதவில்லை, இருப்பிடமும் எழுதவில்லை. நம்மவர்களுடைய பெயர்கள் எத்தனை பேருக்குப் பொதுவானவை என்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்தக் கடைக்கு ஆள் வருவது குறைந்தது. திருத்தம் எழுதியனுப்பினேன், அது போடப்படவேயில்லை. ஓராண்டுக்குள் அவர் கடையை எடுத்துவிட்டுக் குடும்பத்தோடு வேறு ஊர் போய்விட்டார். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தையும் கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

ஒரு கைதைப் பற்றி எழுதும்போது ஆளை ஐயமின்றி அடையாளம் காட்டும் விவரங்களைச் சேர்க்க வேண்டும் என்பது பத்திரிகைக் கல்லூரியிலே முதல் மாதத்துப் பாடம். நான் அதை ஒரு குடும்பத்தின் செலவிலே கற்றேன். ஆகவே அம்மையாரே, ஊர்ச் சேதி எழுதுவதற்கும் படிப்பு உண்டு, இருக்கத்தான் வேண்டும்.

முன்னோர் நடத்திய பத்திரிகைகள்

இந்தத் தொழில் நமக்குப் புதிதன்று. இந்நாட்டுத் தமிழ்ப் பத்திரிகை வரலாற்றின் முதல் அத்தியாயத்தைத் தமிழ் முஸ்லிம்களே எழுதினார்கள் என்று சொல்லலாம். சிங்கப்பூரிலே மகுதூம் சாயபு என்ற பெரியார் 1887-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'சிங்கை நேசன்' என்ற வார இதழைத் தொடங்கி, 1890 வரையில் நடத்தினார். கடலுக்கு அப்பால் இலங்கையிலே அறிஞர் சித்தி லெப்பை அவர்கள் 1882-லேயே 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்துவிட்டார். இவர்கள் எந்தப் பத்திரிகைக் கல்லூரியிலும் படித்தவர்களல்லர். படிப்பதற்கு அப்படியொரு கல்லூரி அக்காலத்திலே உலகத்தில் இல்லை.

அமெரிக்காவில் மிசௌரி சர்வகலாசாலை 1908-லேதான் பத்திரிகைத் தொழிலுக்கென்று தனிப் பள்ளி வைத்தது. நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையிலே 1912-ல் திறக்கப்பட்ட பள்ளியோ, புலிட்சர் என்ற பத்திரிகை முதலாளி விட்டுச் சென்ற பணத்தில் எழுந்தது. அதைத் திறப்பதற்கு ஓராண்டு முன்னதாகவே அவர் காலமாகிவிட்டார். பரபரப்புச் செய்திகளால் பத்திரிகை விற்றுப் பணம் சேர்த்த மனிதரே, இந்தத் தொழிலுக்கு முறையான கல்வி வேண்டும் என்று அந்தப் பணத்தை எழுதி வைத்தார்! "செய்தி எழுதுவது பிறவிச் சாமர்த்தியம், சொல்லிக் கொடுத்து வராது" என்று அன்றும் பலர் ஏளனம் செய்தார்கள். நம் ஊரில் கேட்ட சிரிப்பு நூறாண்டு பழைய சிரிப்புத்தான்.

நம் நாட்டிலே பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம் 1970-களின் தொடக்கத்திலே தகவல் தொடர்புக் கல்வியை ஆரம்பித்தது. பிறகு தனியார் கல்லூரிகளும் வந்தன. பினாங்கிலே சீனச் சமூகத்தார் 'ஹான் சியாங்' என்ற பெயரில் வளர்த்த கல்லூரி இன்று தகவல் தொடர்புக்கென்றே பெயர் பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரியாக இருக்கிறது. இதைச் சொல்லும்போது கொஞ்சம் பொறாமையும் வருகிறது, மறைப்பானேன்!

தரமணியில் ஓராண்டு

தனியார் பத்திரிகைக் கல்லூரி எப்படி நடக்கிறதென்று தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு நான் எடுத்துக்காட்டுவது சென்னை தரமணியிலுள்ள ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் என்ற ஆசியப் பத்திரிகையியல் கல்லூரி. 1994-ல் பெங்களூரிலே தொடங்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டிலே சென்னைக்கு வந்து, ஊடக வளர்ச்சி அறக்கட்டளை என்ற அமைப்பின் பொறுப்பில் நடந்து வருகிறது. 'இந்து' பத்திரிகையின் என். ராம், தொலைக்காட்சித் துறையில் பெயர் பெற்ற சசிகுமார் ஆகியோர் இதற்குப் பின்னின்ற முக்கியஸ்தர்கள். ஏதாவதொரு பட்டம் பெற்றவர்கள், நுழைவுத் தேர்வும் நேர்முகமும் தாண்டிச் சேரலாம். படிப்பு ஓராண்டு, போதனை ஆங்கிலத்தில். எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணையாமல் தன் சொந்தப் பட்டயத்தையே வழங்குகிறது. இது சிலருக்குக் குறையாகப்படலாம்; தொழிலுக்கு ஏற்றபடி பாடத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்தரம் அதிலேதான் இருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

இத்தகைய கல்லூரியில் மாணவர் வாழ்க்கை எப்படியென்றால், பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் நேரம் குறைவு, வெயிலில் அலையும் நேரம் அதிகம். நகரத்தைப் பல பகுதிகளாகவோ பல துறைகளாகவோ பிரித்து மாணவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒருவருக்கு ஆஸ்பத்திரி, ஒருவருக்குக் கோர்ட்டு, ஒருவருக்கு மாநகராட்சி. பஸ்ஸிலும் ரயிலிலும் போய், முன்பின் தெரியாதவரிடம் பேசி, மாலைக்குள் திரும்பி எழுதித் தரவேண்டும். குறித்த மணிக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் பிரயோஜனமில்லை. மாணவர்கள் தாங்களே 'தி வேர்ட்' என்ற பெயரில் ஒரு பத்திரிகையும் வெளியிடுகிறார்கள். நிருபர், உதவியாசிரியர், பக்கம் அமைப்பவர், படம் பிடிப்பவர் எல்லாம் அவர்களே. ஆசிரியர் சிவப்பு மையால் கிழித்தெறிந்த பிரதியைப் பார்த்து அழாத மாணவர் இந்தப் படிப்பிலே அபூர்வம் என்பார்கள். நல்லதுதான். கடைக்காரர் ஒருவர் அழுவதற்குப் பதிலாக மாணவர் அழட்டும்.

இங்கே கற்பிக்கப்படும் ஒரு பாடத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். வறுமையையும் இல்லாமையையும் எப்படிச் செய்தியாக்குவது என்பது அது. மாணவர்களைக் குழு குழுவாகப் பிரித்து நகரத்தை விட்டு வெளியே, ஏழை மக்கள் வாழும் ஜில்லாக்களுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கேயே தங்கி, கண்டதையும் கேட்டதையும் எழுதிக்கொண்டு வரவேண்டும். இந்தப் பாடத்தோடு சம்பந்தப்பட்ட பெயர் பி. சாய்நாத். 1990-களிலே இந்தியாவின் மிக ஏழ்மையான ஜில்லாக்களைத் தேடிப் போய் எழுதி, அவற்றை 1996-ல் புத்தகமாக வெளியிட்டவர்; 2007-ல் மகசேசே விருது பெற்றவர். அவர் போன ஜில்லாக்களில் ஒன்று, நம்மில் பலருடைய பூர்வீகமான இராமநாதபுரம். அங்கே பனையேறும் தொழிலாளி ஒருவரைப் பற்றி எழுத நேர்ந்தபோது, "பாவம், கஷ்டமான ஜீவனம்" என்று எழுதி முடிக்கவில்லை. அவரோடு கூடவே இருந்து, ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுகிறார், மொத்தம் எவ்வளவு உயரம் ஏறி இறங்குகிறார், கைக்கு வருவது என்ன என்று கணக்கெடுத்து எழுதினார். இரக்கத்தை அவர் எழுதவில்லை. எண்ணை எழுதினார், இரக்கம் வாசகருக்குத் தானாகவே வந்தது. நம் தோட்டங்களிலே செம்பனைக் குலை வெட்டுகிறவரைப் பற்றி இப்படி ஒரு கட்டுரை தமிழிலே வந்திருந்தால் காட்டுங்கள், நான் தேடிக்கொண்டேயிருக்கிறேன்.

நம் வாசலில் உள்ளது

சென்னைக்குப் போக எல்லோராலும் முடியாது. ஈஜோக்கிலிருந்து வெகு தூரம் போகாமலே, பெஸ்தாரி ஜெயாவில், நம் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் ஊரில், யூனிசெல் என்னும் சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. 1999-ல் சிலாங்கூர் மாநில அரசாங்கம் ஏற்படுத்தியது. ஆயினும் சட்டப்படி தனியார் பல்கலைக்கழக வகையைச் சேர்ந்தது. தகவல் தொடர்பு, காட்சிக்கலை, கணினி மூன்றையும் ஒன்றாக வைத்த ஒரு துறை அங்குண்டு. அந்தச் சேர்க்கை தற்செயலானதல்ல. இன்றைய நிருபர் எழுதுகிறார், படமெடுக்கிறார், குரல் பதிவு செய்கிறார், கைப்பேசியிலேயே வெட்டி ஒட்டி அனுப்பியும் விடுகிறார்.

சேரும் வழி பொதுவாக இதுதான். எஸ்.பி.எம்.-ல் 3 பாடங்களில் கிரெடிட் இருந்தால் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம், 5 கிரெடிட் இருந்தால் அடிப்படைப் படிப்பு வழியாகப் பட்டத்துக்குப் போகலாம், எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா முடித்தவர்கள் நேரே பட்டப் படிப்பில் சேரலாம். மொழிப் பாடத்தில் அந்தந்த நிறுவனம் தனி நிபந்தனை வைத்திருக்கக்கூடும், கேட்டுக்கொள்ளவும். எங்கே சேர்வதானாலும், மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பான எம்.கியூ.ஏ.-யின் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, படிப்புக்கு இருப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கீகாரமில்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். கல்விக் கடனும் கிடைக்காது. கடன் என்பது கடன்தான். படிப்பு முடிந்தபின் மாதா மாதம் கட்ட வேண்டியது. நிக்காஹ் செலவுக்கு வாங்கும் கடனைப் பற்றி யோசிக்காத வீட்டார் இதற்கு மட்டும் யோசிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போதனாமொழி மலாய் அல்லது ஆங்கிலம். ஆகவே தமிழிலே எழுத விரும்பும் பிள்ளை தமிழைத் தானே பேணிக்கொள்ள வேண்டும். எஸ்.பி.எம்.-ல் தமிழை விட்டுவிட்டு, பின்னர் தமிழ்ச் செய்தியாளராக வரலாமென்று நினைப்பது கத்தியில்லாமல் பால் வெட்டப் போவது போல.

பாடம் எப்படி இருக்கும்?

ஒரு மாதிரிப் பாடம் நாமே செய்து பார்ப்போம். ஒரு தோட்டத்து லயத்திலே குழாய்த் தண்ணீர் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழக்கமில்லாதவர் எழுதுவது இப்படி இருக்கும்: "அழகிய செம்பனை மரங்கள் சூழ்ந்த நமது தோட்டத்திலே பல நாட்களாகத் தண்ணீரின்றி மக்கள் சொல்லொணாத் துயரம் அனுபவித்து வருகின்றனர். சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?"

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தத் தோட்டம்? பல நாள் என்றால் எத்தனை நாள்? மக்கள் என்றால் எத்தனை வீடு? துயரம் என்றால் என்ன, குழந்தைகள் பள்ளிக்குப் போகவில்லையா, கிணற்றிலே இறைக்கிறார்களா, கடையிலே தண்ணீர் வாங்குகிறார்களா, அதற்கு நாளைக்கு எத்தனை வெள்ளி? சம்பந்தப்பட்டவர் யார், தோட்ட நிர்வாகமா, நீர் விநியோக நிறுவனமா? குழாய் யாருடைய எல்லையில் உடைந்தது? அவர்களிடம் கேட்டதற்கு என்ன பதில் சொன்னார்கள்? கடைசிக் கேள்வியைத்தான் நம்மவர்கள் கேட்பதேயில்லை. குற்றம் சாட்டப்படுபவரிடம் பதில் கேட்காமல் எழுதுவது, ஒரு தரப்பை மட்டும் கேட்டுப் பஞ்சாயத்துத் தீர்ப்புச் சொல்வதற்குச் சமம்.

இத்தனையும் விசாரித்தபின் முக்கியமானதை முதல் வாக்கியத்தில் வைக்க வேண்டும்: இன்ன தோட்டத்தில், இத்தனை வீடுகளுக்கு, இந்தத் தேதி முதல் தண்ணீர் இல்லை. அதற்கடுத்து காரணம், அதற்கடுத்து மக்கள் சொல்வது, நிர்வாகம் சொல்வது. கடைசியிலே பழைய விவரங்கள். ஏன் இந்த வரிசை? பக்கத்தில் இடம் போதவில்லையென்றால் ஆசிரியர் வாலிலிருந்துதான் வெட்டுவார். செம்பனை மரத்தின் அழகு போகட்டும், தேதி தப்பித்துக்கொள்ளும்.

செய்தி யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, அவர் நேரில் கண்டவரா, நம்பத் தகுந்தவரா என்று ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துப் பார்ப்பது நமக்குப் புதிய சாஸ்திரமல்ல. ஹதீஸ் கலையிலே அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்த இமாம்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்தார்கள். அந்த மரபை மத்ரஸாவிலே படித்த நம் வீட்டிலேயே, கைப்பேசியில் வந்த புரளியை ஒரு வினாடியும் யோசியாமல் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம்! இப்பொழுது இயந்திரமே கட்டுரை எழுதுகிறது, மொழிபெயர்க்கிறது, நடக்காத காட்சிக்குப் படமும் உண்டாக்கிக் கொடுக்கிறது. ஆகையால் யார் சொன்னது என்ற கேள்வி முன்னைவிட அவசியமாகிவிட்டது.

சட்டப் பாடமும் உண்டு. 1948-ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டம், 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம், 1984-ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் ஆகியவற்றை மாணவர் தெரிந்திருக்க வேண்டும். 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கையின்போது இந்நாட்டிலே மூன்று பத்திரிகைகளின் அனுமதி நிறுத்தப்பட்ட வரலாற்றையும் தெரிந்திருக்க வேண்டும். 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் வழக்கில் சம்பந்தப்பட்ட குழந்தையின் பெயரையோ படத்தையோ வெளியிடத் தடை விதிக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தையின் படத்தை "நியாயம் கேட்கிறோம்" என்று சொல்லி முகநூலில் போடும் நம் சகோதரர்கள் இந்த ஒரு சட்டத்தையாவது அறிந்துகொள்வது நலம்.

ஒரு படமும் 18 உயிர்களும்

ஒழுக்கப் பாடத்துக்கு உதாரணம் கேட்டால் நான் 1950-ஆம் ஆண்டுச் சிங்கப்பூரைச் சொல்வேன். சே அமினா என்ற மாதரசி வளர்த்த நத்ரா என்னும் மரியா ஹெர்தோக், டச்சுப் பெற்றோரிடமே சேரவேண்டும் என்று அவ்வாண்டு டிசம்பரில் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சிறுமியை ஒரு கன்னியர் மடத்திலே வைத்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் அங்கே புகுந்து படம் பிடித்தார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் அவள் சந்தோஷமாக இருப்பதாகக் காட்டும் படங்களைப் போட்டன. மலாய்ப் பத்திரிகை அவள் அழும் படத்தைப் போட்டது. ஒரே பெண், ஒரே மடம். எந்தப் பத்திரிகை வாங்குகிறோமோ அந்த உண்மை. டிசம்பர் 11-ஆம் தேதி கலகம் வெடித்தது. 18 பேர் மாண்டனர், 173 பேர் காயமுற்றனர்.

இதிலே நமக்கு நெருக்கமான ஒரு விஷயமும் உண்டு. நத்ராவுக்காகப் போராடிய குழுவின் தலைவர் கரீம் கனி ஒரு தமிழ் முஸ்லிம். 'மலாயா நண்பன்' ஆசிரியர். பேச்சிலும் எழுத்திலும் வல்லவர். கலகத்துக்குப் பின் தடுத்து வைக்கப்பட்டார். அவர் எழுதியது நியாயமான கோபமா, நெருப்பில் ஊற்றிய எண்ணெயா என்று இன்றும் இரு விதமாகப் பேசுவோர் இருக்கிறார்கள். என் எண்ணம், அவருடைய வழக்கு நியாயமானதாக இருந்தது. அவ்வளவு சூடான நாட்களில் எழுத்து இன்னும் நிதானமாக இருந்திருக்கலாம். ஆனால் மடத்துக்குள்ளே காமிராவை அனுமதித்தவர்களுக்கும், படத்தைப் போட்டுக் காசாக்கியவர்களுக்கும் பங்கு குறைவென்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வகுப்பிலே இதைக் கொடுத்து, "நீ ஆசிரியராயிருந்தால் எந்தப் படத்தைப் போடுவாய், எதற்காக?" என்று கேட்டால் ஒரு நாள் முழுவதும் பேசலாம். அப்படிப் பேசிப் பழகாதவர், இரவு பதினொரு மணிக்கு அச்சு இயந்திரம் காத்திருக்கும்போது சரியாக முடிவு செய்ய மாட்டார்.

நம் பக்கத்துச் செய்தியை யார் எழுதுவது?

2007-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஈஜோக் இடைத்தேர்தல் நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். கோலாலம்பூரிலிருந்து நிருபர்களும் காமிராக்களும் இந்தச் சின்ன டவுனுக்குக் கூட்டம் கூட்டமாக வந்திறங்கினார்கள். நம் சாலை, நம் சாக்கடை, நம் பள்ளிக்கூடம் எல்லாம் பத்திரிகையில் வந்தன. 28-ஆம் தேதி வாக்களிப்பு முடிந்தது, காமிராக்களும் போய்விட்டன. கோலசிலாங்கூர் என்றால் கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சியும் புக்கிட் மெலாவத்தி குரங்கும்தான் என்று மறுபடியும் ஆகிவிட்டது. மின்மினி மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை.

இந்த மண்ணில் எழுதுவதற்கு விஷயமில்லையென்று யாரும் சொல்ல முடியாது. 1917-ல் மலாயாவின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டம் நம் தென்னமரத்திலேதான் நடப்பட்டது. நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் இங்கே வாழ்ந்த வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1930-ல் பிரான்சின் மிகப் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் கிடைத்தது. துரை எழுதிவிட்டார், அவருடைய தோட்டத்திலே வேலை செய்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் எழுதவில்லை.

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்து மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக எத்தனையோ வருஷங்கள் காத்திருந்தன. 2023-ல் அவர்களுக்கு வீடமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இம்மாதிரி விஷயத்திலே, யார் எப்போது என்ன வாக்குக் கொடுத்தார், எந்தக் கடிதத்தில் இருக்கிறது என்று தாளைச் சேர்த்து வைத்து வருஷக்கணக்காய்ப் பின்தொடரும் நிருபர் ஒருவர் உள்ளூரிலேயே இருப்பது பெரிய பலம். அதற்குத்தான் படிப்பு.

ஒன்றை மறைக்கக்கூடாது. தமிழ்ப் பத்திரிகைத் தொழில் இன்று செழிப்பாக இல்லை. 1924-ல் கோலாலம்பூரில் பிறந்த 'தமிழ் நேசன்' 2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே நின்றுபோனது. அன்று எங்கள் வீட்டிலே ஒரு மனிதர் மவுத்தானது போலிருந்தது. இருக்கிற நாளிதழ்களிலே சம்பளம் அதிகமென்று சொல்ல மாட்டேன். ஆர்.டி.எம்.-இன் மின்னல் பண்பலை, பெர்னாமா தமிழ்ச் செய்தி, தனியார் வானொலி, தொலைக்காட்சி, இணையச் செய்தித் தளங்கள் என்று வேறு வாசல்கள் உண்டு. செய்தித் துறை ஒத்துவராதவர்கள் நிறுவனங்களின் மக்கள் தொடர்புப் பிரிவிலே நல்ல ஊதியத்தில் இருக்கிறார்கள். இரவு வேலை உண்டு; கலகம், வெள்ளம், விபத்து என்று கூப்பிட்ட நேரத்துக்குப் போகவேண்டியதும் உண்டு. பெண் பிள்ளையை அனுப்பத் தாய் தயங்குவது நியாயமே. ஆனால் நர்ஸ் வேலைக்கும் இரவு உண்டு; அதற்கு நாம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பெருநாள் முடிந்த இரண்டாவது வாரம் அந்த வீட்டுக்கு மறுபடியும் போயிருந்தேன். பெண்ணை அழைத்து, மேலே நான் சொன்ன தண்ணீர்ச் செய்தி போல உன் வட்டாரத்தில் நிஜமாக நடந்த ஒன்றை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா என்றேன். மறுவாரம் கொண்டுவந்தாள். டவுனுக்குப் போகும் பஸ் சரியாக வருவதில்லை என்பது விஷயம். "அடிக்கடி தாமதம்" என்று எழுதியிருந்தாள். "அடிக்கடி என்றால் எத்தனை தடவை, மாமா மாதிரி ஆளுக்குப் புரியும்படி சொல்லு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். முகம் வாடிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வரும்போது அவளுடைய அத்தா என்னைப் பிடித்துக்கொண்டார். "காக்கா, நீங்க என்ன சொல்லிவிட்டீங்க? அஞ்சு நாளா காலையில ஆறு மணிக்கே நோட்டுப் புஸ்தகத்தோட பஸ் ஸ்டாப்புல போய் நிக்குது. டிரைவர்கிட்டயும் போய்ப் பேசிருக்கு. அவர் சொன்னது ஒண்ணு, கம்பெனிக்காரங்க சொன்னது ஒண்ணு, நேரத்தைக் குறிச்சுப் பார்த்தா வேறொண்ணு. எதை எழுதறதுன்னு கேக்குது" என்றார்.

மூன்றையும் எழுதச் சொல்லுங்கள், யார் எதைச் சொன்னார் என்று பெயரோடு எழுதச் சொல்லுங்கள் என்றேன். விண்ணப்பப் பாரம் எங்கே வாங்குவது என்று அவர் அப்போதுதான் கேட்டார்.